கல் இல்லாத உப்பு

முன்னொரு காலத்தில், கடலுக்கு அரைக் காத தூரத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதை ஆண்ட கோவேள், தன் தமையன் காலும் வயிறும் வீங்கி மூச்சுத் திணறி இறந்ததை அருகிலிருந்து பார்த்தவன். "உப்புதான் அவர் உடம்பில் நீரைக் கட்டிவிட்டது" என்று அரண்மனை வைத்தியர் நாகேசப் பண்டிதர் சொன்னது அவன் மனத்தை விட்டு அகலவில்லை. ஈமக்கடன் முடிந்ததும் முரசறையச் செய்தான். கோட்டைக்குள் ஓர் உப்புக் கல்லும் இருக்கக் கூடாது. இருக்கக் காரணமானவன் தலை போகும்.

அது கடுங்கோடை. முதல் சில நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பிறகு யாருமே முணுமுணுக்கவில்லை. விகடகவி வெண்காடனுக்கு அதுதான் அச்சமாக இருந்தது. காவலர்கள் வியர்த்துக் கொட்டினார்கள், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார்கள், குடித்த பின்னும் தள்ளாடினார்கள். சோறு இலையிலேயே கிடந்தது. கோட்டைக் கதவின் குறுக்கே போடும் உழலை மரத்தைத் தனியாளாய்த் தூக்கும் சாத்தப்பன், தன் பெயரைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாமல் விழித்தான்.

ஒரு நண்பகலில் வெண்காடன் யானைக் கொட்டில் பக்கம் போனான். மாடு கன்றை நக்குவது போல ஓர் ஓசை. எட்டிப் பார்த்தான். உப்புக் கரிக்கும் உவர் வெள்ளையாய்ப் பூத்த பழஞ்சுவரில் இருபது பேர் முகத்தை ஒட்டி நின்று நக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சாத்தப்பனின் நாக்கில் இரத்தம் கசிந்தது.

"என்னப்பா செய்யறே?"

"தெரியலீங்க. இந்தச் சுவரு கூப்பிடுது."

வெண்காடன் அரசவைக்கு ஓடினான். சிம்மாசனத்தின் பின்சுவரில், அரசன் முகம் எட்டும் உயரத்தில், ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

"அரசே, பேய்க்குத்தான் உப்பில்லாச் சோறு படைப்பார்கள். நாற்பது நாளாய் நாம் அதைத்தான் உண்கிறோம்" என்றான்.

அரசன் பதில் சொல்வதற்குள் பண்டிதர் குறுக்கிட்டார். அரசன் தன்னைவிட இவனிடம் பிரியமாக இருப்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "விகடகவிக்கு வைத்தியமும் தெரியும் போலிருக்கிறது. ஆணை மாறாமல் மூன்று நாளில் காவலர்களைத் தேற்றட்டும். இல்லையேல் தலையைக் கொடுக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன், தளர்ந்த குரலில்.

மறுநாள் காலை பன்னிரண்டு வண்டிகளில் பானை பானையாய்த் தண்ணீர் வந்தது. வாயிற்காவலர் கைவிட்டுத் துழாவினார்கள், துணியில் வடிகட்டினார்கள். ஒரு பொடிக் கல்லும் இல்லை. வெண்காடன் மடைப்பள்ளிக்குள் போய், ஒவ்வொரு கஞ்சிப் பானையிலும் அந்த நீரில் ஓர் அகப்பை ஊற்றினான். மூன்றாம் நாள் சாத்தப்பன் கலயத்தை வழித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றான். சுவரருகே யாரும் இல்லை.

பண்டிதருக்கு விளங்கிவிட்டது. ஒரு பானையை அவை நடுவே கொண்டுவந்து அடுப்பேற்றினார். நீர் கொதித்துச் சுண்டியது. அடியில் வெள்ளை வெள்ளையாய் மின்னியது.

"கடல்நீர், அரசே. இதோ உப்புக் கல். வெண்காடன் தலை தங்களுக்கு உரியது."

கொலைச்சேவகன் வாளோடு முன்னே வந்தான். வெண்காடன் பானையைச் சுட்டிக்காட்டினான்.

"நான் கொண்டுவந்தது நீர். வடிகட்டியவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள், கேளுங்கள். இந்தக் கல் வெளியிலிருந்து வரவில்லை, சற்றுமுன் இந்த அவையில்தான் பிறந்தது. பெற்றெடுத்தவர் பண்டிதர். கல் இருக்கக் காரணமானவர் யாரென்று அரசர் சொல்லட்டும்."

கொலைச்சேவகன் மெல்லப் பண்டிதர் பக்கம் திரும்பினான்.

அரசன் இறங்கிவந்து, விரல்நுனியால் ஒரு கல்லை எடுத்து நாவில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"என் அண்ணனைக் கொன்றது இதுதானே?"

"அவர் நோயாளி, அரசே. உப்பை வெளியேற்றும் வலு அவர் உடம்புக்கு இல்லை. பண்டிதர் அவரைப் பற்றிச் சொன்னது சரி. நோயற்றவர்களுக்கும் அதையே விதித்ததுதான் பிழை. வியர்வையில் போனது திரும்ப வேண்டாமா? மிஞ்சினாலும் கேடு, அறவே விட்டாலும் கேடு."

அரசன் கண் திறந்து, வெளுத்துப்போன பண்டிதர் முகத்தைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டது. தமையன் இறந்தபின் அந்த மண்டபம் கேட்காத ஓசை அது. தூணோரம் நின்றவர்கள் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பற்றிக்கொண்டார்கள்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டான். "பண்டிதரே, உம் தலை உம்மிடமே இருக்கட்டும். இன்றுமுதல் மடைப்பள்ளியில் உப்பு அளப்பது உம் பொறுப்பு. கூடினாலும் குறைந்தாலும் முதலில் உண்ணப்போவது நீர்தான்."

பண்டிதர் அடுப்பருகே குனிந்து, அந்தக் கற்களை ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்கினார்.