செவ்வந்தி கொடுத்த ராணி

குளக்கரைப் பாறையில் செவ்வந்தி என்ற அணிலும் கருப்பாயி என்ற காகமும் தினமும் சதுரங்கப் புதிர் போட்டு விளையாடும். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஆடுவதைக் காகம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரும். பாறையில் கீறிய கட்டங்களில் கொட்டைகளை அடுக்கி வைக்கும். புளியங்கொட்டைதான் சிப்பாய். சிவப்புக் குன்றிமணிதான் ராணி.

"மூணே நகர்த்தல்ல அந்த ராஜாவை மடக்கு, பார்ப்போம்!" என்றது கருப்பாயி.

செவ்வந்தி யோசிக்கவே இல்லை. சட்டென்று குதிரையைத் தாவ விட்டு, "செக்!" என்று கத்தியது.

"ராஜா நகர்ந்துட்டாரு. இப்ப என்ன பண்ணுவே? உன் ராணியை அவருக்குப் பக்கத்துல கொண்டுபோய்க் கொடுத்துடுடீ! யானை வந்து வெட்டும். அவரோட ஆளுங்களே அவருக்கு வழியை அடைச்சுடுவாங்க. அப்புறம் குதிரை தாவினா ஆட்டம் முடிஞ்சுது!"

"ராணியையா? உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன்!" செவ்வந்தி குன்றிமணியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியே போய்விட்டது.

பாவம், அதைச் சொல்லியும் குற்றமில்லை. சேர்த்து வைப்பதுதானே அணிலின் பிழைப்பு! பாறையை ஒட்டிய ஆலமரத்தின் கீழ்ப் பொந்து முழுக்க மழைக்காலத்துக்காக அது சேர்த்த கொட்டைகள். மேல் பொந்தில் இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

அன்று மத்தியானமே வந்தது வினை. குரங்கு ஒன்று பக்கத்து மரத்திலிருந்து ஆலமரத்துக்குத் தாவியது. பசி அதற்கு. ஒவ்வொரு பொந்தாகக் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இறங்கியது. அடுத்தது குட்டிகள் இருக்கும் பொந்து!

செவ்வந்தி விழுந்தடித்து ஓடி வந்தது. குரங்கின் வாலைக் கடிக்கப் பாய்ந்தது. பாதியில் நின்றது. 'கடிச்சா? கோபத்துல பொந்தையே பிய்ச்சுப் போட்டுடுமே! அதுக்கு வேண்டியது என்ன? தீனிதானே!'

ஒரே ஓட்டமாகக் கீழ்ப் பொந்துக்குப் போனது. சேர்த்த கொட்டைகளைக் காலால் தள்ளியது. சடசடவென்று எல்லாம் பாறைமேல் கொட்டின. குரங்கு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், குட்டிகளின் பொந்தை விட்டுவிட்டுக் கீழே குதித்தது! ஒன்று மிச்சமில்லாமல் தின்று தீர்த்துவிட்டு, ஏப்பம் விட்டபடி தன் கூட்டத்தைத் தேடிப் போனது.

கருப்பாயி பதறிப் பறந்து வந்தது. செவ்வந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டு தேம்பியது.

"எல்லாம் போச்சு கருப்பாயி. மழைக்கு ஒரு கொட்டைகூட இல்லை."

"அட அசடே! புதிரை அவிழ்த்துட்டியே!" காகத்துக்கும் கண் கலங்கிவிட்டது. "மழை முடியறவரைக்கும் தீனி என் பொறுப்பு. அப்புறம் ஒண்ணு சொல்றேன் கேளு. கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் ராணியாயிடும். உன் பொந்துல மூணு சிப்பாய் தூங்குதே!"

செவ்வந்தி குட்டிகளைப் பார்த்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. மறுநாள் காலை பாறைக்குப் போய், நேற்றுக் கவ்விக்கொண்டு ஓடிய குன்றிமணியைத் தானே எதிராளி ராஜாவின் பக்கத்தில் வைத்தது.

காப்பாற்ற வேண்டியது எது என்று தெரிந்தவருக்கே, கொடுக்க வேண்டியது எது என்பதும் தெரியும்.