பேசாத லேப்டாப்

நாகர்கோவிலில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பெனிட்டாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த தாணுலிங்கத்துக்கு அறுபது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் கிளம்பிய நேரத்தை நோட்டில் எழுதிவிட்டால் அவருக்கு ஒரு வேலை முடிந்தது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"ஒரு வேலை முடிஞ்சிட்டுன்னு எப்பிடித் தெரியும், டீச்சர்?"

"வந்து சொல்லுதேன், அண்ணாச்சி" என்று பெனிட்டா வெளிவேலைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு லேப்டாப் பையை வைத்துவிட்டுப் போனார். பைக்குள் அச்சடித்த சீட்டு ஒன்று இருந்தது.

'என் பெயர் சுகிர்தா. இது செகண்ட் ஹாண்டில் வாங்கியது. நாளைக் காலை பத்து மணிக்கு இதில்தான் வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதுகிறேன். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் (ஓ.எஸ்.) தேர்வுப் பக்கம் திறக்கவில்லை. புதியது போட்டு வையுங்கள். சாயங்காலம் வருகிறேன்.'

தாணுலிங்கம் லேப்டாப்பைத் திறந்தார். அது பேசியது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அதன் பெயரைச் சொன்னது. திரையில் எங்கே போனாலும் கூடவே வந்து படித்தது. அரை மணி நேரத்தில் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர் பிள்ளைகளுக்காகப் போட்ட விளையாட்டு என்று அவராகவே முடிவு செய்தார்.

ஃபைல்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார். பாக்கி எல்லாவற்றையும் அழித்துப் புது ஓ.எஸ். போட்டார். ஏழு வருஷத்து மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. திரை பளிச்சென்று இருந்தது. தேர்வுப் பக்கமும் திறந்தது. பெருமை தாங்கவில்லை அவருக்கு. நோட்டில் நேரம் எழுதினார். மூன்று நாற்பது.

நாலரைக்குப் பெனிட்டா திரும்பினாள். அவள் பின்னாலேயே ஒரு பெண், வெள்ளைக் கம்பால் படியைத் தட்டித் தட்டி ஏறி வந்தாள்.

"நான் சுகிர்தா. லேப்டாப் ரெடியா, சார்?"

தாணுலிங்கம் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தார்.

அவள் உட்கார்ந்து நாலு பட்டன் தட்டினாள். காதைச் சாய்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"பேசல்லியே."

"ஏதோ புள்ளைங்க விளையாட்டுன்னு நெனச்சு எடுத்துட்டேன், மக்ளே."

"இந்தத் தேர்வுக்கு ஏழு மாசமா படிச்சிருக்கேன், சார்" என்றாள்.

பெனிட்டா யாரையும் திட்டவில்லை. பேசும் புரோகிராமைத் தேடி ஏற்றினாள். தமிழ்க் குரலைச் சேர்த்தாள். லேப்டாப் பேசத் தொடங்கியது. தாணுலிங்கத்துக்கு உயிர் வந்தது. நோட்டை எடுத்தார்.

பெனிட்டா நோட்டை வாங்கி மேசைக்குள் வைத்தாள். திரையின் வெளிச்சத்தை ஒட்டக் குறைத்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"தேர்வுப் பக்கத்தைத் திறங்க, அண்ணாச்சி."

"ஒண்ணும் தெரியலியே."

"ஆமா."

அவர் கண்டபடி தட்டினார். லேப்டாப் கடகடவென்று எதையோ ஒப்பித்தது. சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது சொல்லி முடிக்கட்டும், சார். இப்ப டேப் பட்டனைத் தட்டுங்க. இன்னும் ஒண்ணு. கேட்டுதா?"

கேட்டது. வியர்த்து விறுவிறுத்துப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

"நடுவுல கரண்டு போய் மெஷின் அணைஞ்சிட்டுன்னு வையுங்க" என்றாள் பெனிட்டா. "மறுபடி போடுங்க."

அணைத்துப் போட்டார். காத்திருந்தார். குரல் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அது ஊமையாக நின்றது. நாளைக்குத் தேர்வு நடுவில் இப்படி நின்றிருந்தால் என்று நினைத்து அவர் சுகிர்தாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

மெஷின் போட்டதுமே குரல் வரும்படி பெனிட்டா மாற்றிக் கொடுத்தாள். அவர் இன்னும் மூன்று தடவை அணைத்துப் போட்டார். மூன்று தடவையும் பேசியது.

லேப்டாப் சுகிர்தாவின் மடிக்குப் போனது. கறுத்துக் கிடந்த திரையின் முன்னால் அவள் விரல்கள் விறுவிறுவென்று ஓடின.

தாணுலிங்கம் மேசைக்குள் இருந்த நோட்டைத் தேடவில்லை.

"இப்ப வேலை முடிஞ்சிட்டா, டீச்சர்?"

"அத எங்கிட்ட ஏன் கேக்கீங்க, அண்ணாச்சி?" என்றாள் பெனிட்டா, சுகிர்தாவைப் பார்த்துக்கொண்டு.