நூற்று நாற்பது கையெழுத்து

இந்தக் கதையில் ஆசிரமம் கிடையாது, ஆலமரமும் கிடையாது. ஒரு வேளாண்மை விரிவாக்க மையம்தான் உண்டு. மழை பெய்தால் சரியாக விதை மூட்டைக்கு மேலேயே ஒழுகுகிற கட்டடம். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு அங்கயற்கண்ணி, அந்த வட்டாரத்தின் வேளாண்மை அலுவலர். சீடர் கலியபெருமாள், அவருக்குக் கீழே உதவி அலுவலர். இருபது வருஷம் டிப்போவில் உர மூட்டைக்குக் காவலாக நிழலில் உட்கார்ந்திருந்த மனுஷரைப் பதவி உயர்வு என்று சொல்லி வெயிலில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் "மேடம், இதுக்கு என்ன செய்யணும்?" என்று வந்து நிற்பார். அந்தம்மாவும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பார்.

ஒன்றை மட்டும் அவர் மேடத்திடம் கேட்காமல் மற்ற ஆட்களிடம் கற்றுக்கொண்டார். வினை அதில்தான் வந்தது.

விவசாயிகள் கூட்டம் நடக்கிற அன்று, வந்தவர்களிடம் பதிவேட்டை நீட்டி, அன்றைய பக்கத்தோடு அடுத்த வெற்றுப் பக்கங்களிலும் ஒரு சுற்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது. பின்னால் மேலிடத்திலிருந்து ஏதாவது அறிவிப்பு வந்தால் மேலே அதை எழுதிவிட்டால் தீர்ந்தது. ஊர் ஊராக அலைய வேண்டாம். பழைய ஆட்கள் பலரும் செய்கிற வேலைதான். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

புரட்டாசியில் கருங்காட்டூரில் மண் பரிசோதனைக் கூட்டம் நடந்தது. டீயும் பருப்பு வடையும் உண்டு என்றதும் நூற்று நாற்பது பேர் வந்துவிட்டார்கள். கலியபெருமாள் நாலு வெற்றுப் பக்கம் நிறைய வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பருத்தி ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஐப்பசிக் கடைசியில் அறிவிப்பு வந்தது, 'களப்பணியாளர்களின் உடனடிக் கவனத்துக்கு' என்று கொட்டை எழுத்தில். வளர்ந்த பருத்தியில் தலைக்கு மேலே தூக்கி மருந்து அடிக்கக் கூடாது, அடிக்கிறவர் மேலேயே விழும். ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கவே கூடாது. மூக்கையும் வாயையும் மூடாமல் அடித்தால் உயிருக்கு ஆபத்து. மூன்று நாளைக்குள் ஒவ்வொரு விவசாயியையும் நேரில் பார்த்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

மூன்று நாளில் நூற்று நாற்பது பேர். மனுஷருக்கு முட்டி வலி வேறு. பதிவேட்டை எடுத்தார். நாலு பக்கத்திலும் தலைப்பில் அந்த அறிவிப்பை முத்து முத்தாக எழுதினார். செல்போன் குரூப்பிலும் ஒரு தடவை போட்டுவிட்டார்; கருங்காட்டூரில் முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது பட்டன் போன்தான், அதில் அது போகாது. அங்கயற்கண்ணி மேலொப்பம் இட வேண்டும். ஏதோ கூட்டத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், நின்ற வாக்கில் போட்டுக்கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் மருதை செத்துப்போனார்.

ஒன்றரை ஏக்கர் பருத்திக்காரர். காலையில் ரெண்டு மருந்தைக் கலந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் போனார். மதியம் கண் மங்குகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். வாந்தி நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பதிவேட்டைப் புரட்டினார்கள். 'முறையாக எச்சரிக்கப்பட்டும் விவசாயியின் கவனக்குறைவால்' என்று எழுதிக்கொண்டு, அதையே மருதையின் பெண்டாட்டி தைலம்மைக்கும் படித்துக்காட்டிவிட்டு வண்டி ஏறினார்கள். போகும்போது ஒருவர் கலியபெருமாளின் தோளைத் தட்டினார். "நல்ல வேளை, கையெழுத்து வாங்கி வச்சீங்க."

அத்தோடு விட்டார்களா? அடுத்த வாரம் எல்லா மையங்களுக்கும் இன்னொரு அறிவிப்பு வந்தது. பதிவேடு பராமரிப்பது எப்படி என்பதற்கு இது முன்மாதிரி, பணியாளர்கள் அனைவரும் பின்பற்றவும். கூடவே அந்தப் பக்கத்தின் போட்டோ. மருதையின் கையெழுத்தும் அதில் தெரிந்தது. டிப்போ நண்பர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள்.

திங்கட்கிழமை தைலம்மை மையத்துக்கு வந்தாள்.

"நீங்கதான் கலியபெருமாள் சாருங்களா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"இந்த மருந்து அடிச்சா உசுருக்கு ஆபத்துன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களாமே. கையெழுத்துப் போட்டாராமே. அதப் பாக்கலாங்களா?"

காட்டினார். அவள் விரலை வைத்துத் தேடினாள்.

"அவரு கையெழுத்துதான். 'தை'ய மட்டும் பெருசாப் போடுவாரு." விரலை எடுக்காமலே கேட்டாள். "நீங்க சொன்னப்போ அவரு என்ன சொன்னாருங்க?"

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி மனுஷர், பயந்துபோனார்.

"சரின்னார்."

"சரின்னாரா."

"ஆமாம்மா."

"வேற ஒன்னும் சொல்லலயா? என்னையப் பத்தி ஏதாச்சும்?"

"இல்லம்மா."

"மருந்தடிக்கப் போன அன்னிக்குக் காலையில கஞ்சி ஊத்தையில ஒரு வார்த்தை விட்டுட்டேன் சார். உன்னையக் கட்டி நான் என்னத்தக் கண்டேன்னுட்டேன். கஞ்சியக் குடிக்காம எந்திரிச்சுப் போனாரு." அவள் பதிவேட்டை மூடினாள். "அப்ப எல்லாந் தெரிஞ்சேதான் போயிருக்காரு."

கும்பிட்டுவிட்டுப் போனாள். கலியபெருமாள் மூடிய பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாளில் செய்தி வந்தது. தைலம்மை சோறு தண்ணி தொடுவதில்லை. கிணற்றுப் பக்கம் போய்விடக் கூடாதென்று கூடப் பிறந்தவள் வந்து காவல் இருக்கிறாள். ஊரில் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டார்கள். மருந்து ஒன்றும் செய்யவில்லையாம், மருதைதான் மனசு விட்டுப் போய்ச் சேர்ந்தானாம்.

கலியபெருமாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், இதுக்கு என்ன செய்யணும்?"

அங்கயற்கண்ணி நாலு பக்கத்தையும் பார்த்தார். இந்தத் தடவை உட்கார்ந்து, மெதுவாக. மருதையின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கறை இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் மாதிரி இருக்குதே. அறிவிப்பு சொல்லப் போன அன்னிக்கும் வடை குடுத்தீங்களாண்ணே?"

கலியபெருமாளுக்குக் காது சிவந்தது.

"எப்ப வாங்கின கையெழுத்து?"

"புரட்டாசில மேடம். மண் பரிசோதனைக் கூட்டத்துல."

"நேர்ல போய்ச் சொல்லவே இல்ல."

"இல்ல மேடம்." அழுகையும் கோபமுமாக வந்தது அவருக்கு. "சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பாரா? நம்ம சொல்றதை எவன் கேக்குறான்? தலையை ஆட்டிட்டு அவன் பாட்டுக்கு அடிப்பான். சொல்லுங்க மேடம், கேட்டிருப்பாரா?"

அங்கயற்கண்ணி எழுந்தார். கிடங்கைத் திறந்து புது ஸ்பிரேயர் ஒன்றை எடுத்தார். பக்கத்துக் கடையில் ரெண்டு பாட்டில் சொட்டு நீலம் வாங்கினார்.

"வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கீங்க? வாங்க."

கருங்காட்டூருக்குப் போனார்கள். மருதையின் காட்டில் ஒரு பாதி மருந்து படாமல் நின்றது. அவர் விட்ட இடம் அது. டேங்கில் தண்ணீரை நிரப்பி நீலத்தைக் கலந்தார் அங்கயற்கண்ணி. கலியபெருமாளின் முதுகில் மாட்டிவிட்டார்.

"வெறும் தண்ணிதான். அந்தக் கடைசி வரைக்கும் அடிச்சுட்டு வாங்க. எல்லாரும் அடிக்கிற மாதிரியே."

கலியபெருமாள் உள்ளே போனார். தலைக்கு மேலே செடி. கையைத் தூக்கித்தான் அடிக்க வேண்டியிருந்தது. போகப் போக வழி மூடிக்கொண்டது. தூரத்தில் யாரோ ஒருத்தர் காட்டில் பவர் ஸ்பிரேயர் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அங்கயற்கண்ணி வரப்பில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

கலியபெருமாள் பார்த்துக்கொண்டார். நெஞ்சு நீலம். கழுத்து நீலம். புருவத்திலிருந்து நீலம் சொட்டியது. உதட்டை நக்கியிருப்பார் போல, பல்லிலும் நீலம்.

"மருதை கேட்டிருப்பாரான்னு கேட்டீங்களே" என்றார் அங்கயற்கண்ணி.

கலியபெருமாள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு விழும்னு எனக்கே தெரியாது மேடம். எழுதினேன், அவ்வளவுதான்."

வரப்பில் உட்கார்ந்து தான் எழுதிய தாளை அங்கயற்கண்ணி நீட்டினார். மேலிடத்துக்குப் போகிற கடிதம். கருங்காட்டூர் விவசாயிகளுக்கு அறிவிப்பு சொல்லப்படவில்லை. கையெழுத்துகள் முன்பே வாங்கப்பட்டவை. படிக்காமல் மேலொப்பம் இட்டது என் தவறு. கீழே அங்கயற்கண்ணியின் கையெழுத்து. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"வேலை போயிடுமா மேடம்?"

"போகலாம். எனக்கும்தான்."

"பொண்ணு இன்னும் காலேஜ்ல படிக்குது."

"தெரியும்ணே. கட்டாயம் இல்ல. முழுசாப் படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு, போடணும்னு தோணினாப் போடுங்க."

கலியபெருமாள் ரெண்டு தடவை படித்தார். பிறகு தாளைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் நீலம் பட்டது.

தைலம்மை வாசலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். தலை வாரவில்லை. பக்கத்தில் அவள் அக்கா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீலமாக வந்து நின்ற மனுஷரைப் பார்த்து அக்காதான் முதலில் எழுந்தாள்.

கலியபெருமாள் பதிவேட்டைத் தைலம்மைக்கு முன்னால் வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லல."

அவள் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். அவரை நான் பாக்கவே இல்ல. இந்த மருந்து மேல விழும், ஆளைக் கொல்லும்னு அவருக்கு யாரும் சொல்லல. இந்தக் கையெழுத்து புரட்டாசில போட்டது. அப்ப இந்தப் பக்கம் வெத்துப் பக்கமா இருந்துச்சு."

"அவரு போட்டதுதானே?"

"அவரு போட்டதுதான். கூட்டத்துல, வடை தின்னுகிட்டே போட்டாரு. பாருங்க, எண்ணெய் ஒட்டியிருக்கு. இன்னொரு வடை கேட்டாரு. தந்தேன்."

தைலம்மை குனிந்து அந்தக் கறையைப் பார்த்தாள். தொட்டாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அந்த வடையத் திங்கல" என்றாள். "பேப்பர்ல மடிச்சு எனக்குக் கொண்டாந்தாரு. ஆறிப்போச்சேன்னு அதுக்கும் திட்டினேன்."

அவள் கறையை விட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் போனாரா?"

"தெரியாமத்தான்."

கணவன் செத்து மூன்று வாரம் கழித்து அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பதிவேட்டின் மேல் கவிழ்ந்து அழுதாள். அக்கா தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, கலியபெருமாளின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாரு. நீ நல்லா இருக்க மாட்டய்யா."

கலியபெருமாள் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது. அங்கயற்கண்ணி கை கொடுத்தார். பின்னால் அக்கா ஒரு சொம்பில் கஞ்சியை ஊற்றி நீட்டுவதும், தைலம்மை வாங்குவதும் தெரிந்தது.

வண்டியை நிறுத்தியிருந்த புளிய மரத்தடி வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தார்கள். நாலு பக்கத்துக் காட்டிலிருந்தும் ஸ்பிரேயர் சத்தம் வந்துகொண்டிருந்தது. கலியபெருமாள் குழாயடியைப் பார்த்ததும் நின்றார். முகத்தைக் கழுவி, மேல் பட்டனைக் கழற்றப் போனார்.

"மேடம்" என்றார். "இப்பவாவது அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு. ஒரு வீட்டுக்கு" என்றார் அங்கயற்கண்ணி. "சட்டையைக் கழட்டாதீங்கண்ணே. இன்னும் நூத்து முப்பத்தொம்பது பேர் இருக்காங்க."