பிளக்கைப் பிடுங்கும் ஊர்

"டீச்சர், நான் முடிச்சுட்டேன். நீங்க வந்து பிளக்கைப் புடுங்கிட்டீங்க. இது உங்களுக்கே நல்லாருக்கா?"

தமிழழகனின் குரல் தெருமுனை வரை கேட்டது. கடலில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல். அதற்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

ரஹீமா டீச்சர் பிளக்கைத் திரும்ப மாட்டினார். திரையில் நாலு வரி ஓடி நின்றது. உள்ளங்கை அளவு இருந்த அந்தக் கம்ப்யூட்டர், அதற்குமேல் நகரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

"மெமரி கார்டு கெட்டுப்போச்சுண்ணே. மறுபடி ஏத்துங்க."

சீடருக்கு நாற்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதில் இருவருக்கும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அந்த பிளக்கில்தான்.

போன ஐப்பசியில் புயல் எச்சரிக்கை ஊரில் எல்லோருடைய செல்போனுக்கும் வந்தது. பாதிப் போன்கள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. தமிழழகனின் தம்பி இளமாறன் ஒன்றும் தெரியாமல் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மதியம்தான் கரை வந்தான்.

அதுவரை கரையில் நின்று பட்ட பாட்டைத் தமிழழகன் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்கமாட்டேன் என்று மட்டும் முடிவு செய்தார்.

மீன் ஏலக்கூடத்தில் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று. அதோடு இந்தச் சின்னக் கம்ப்யூட்டர். இணையத்தில் எச்சரிக்கை வந்தால் ஊருக்கே கேட்கும்படி அது படிக்க வேண்டும். அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள்.

முதலில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் பெரிய ரகம் ஒன்றை ஏற்றினார். கலர் கலராகப் படம், ஜன்னல், சொடுக்கினால் திறக்கும் பெட்டிகள். கம்ப்யூட்டர் சுட்டது. முக்கி முனகி எழுந்தது.

"ஏலக்கூடத்துல யாருண்ணே படம் பாக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார்.

அப்புறம் தமிழழகன் இருப்பதிலேயே சின்ன லினக்ஸைத் தேடிப் பிடித்தார். படமில்லை, ஜன்னலில்லை. கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். அதற்குத்தான் இன்றைய சண்டை.

"முறையா நிறுத்திட்டுப் புடுங்கினா ஒண்ணும் ஆவாது டீச்சர்."

"உங்க ஏலக்கூடத்துல எத்தனை பிளக் பாயின்ட்?"

"ஒண்ணு."

"போன்ல சார்ஜ் எறங்கிட்டா உங்க ஊர்க்காரங்க என்ன செய்வாங்க?"

மாட்டியிருப்பது எதுவானாலும் பிடுங்கிவிட்டுப் போனைச் செருகும் ஊர் அது. திருவிழாவில் ஓடிக்கொண்டிருந்த மைக்செட்டையே ஒருமுறை பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கியது தமிழழகன்தான்.

"தொடாதேன்னு எழுதி ஒட்டிடுறேன்."

"கேப்பாங்களா?"

"கேக்கமாட்டானுவ. பொட்டியில வச்சுப் பூட்டிடுறேன்."

"கரண்ட்டு போவுமே. அதையும் பூட்டுவீங்களா?"

தமிழழகனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

டீச்சர் ஒரு பழைய சர்க்யூட் போர்டை எடுத்து ஈயம் பற்றவைக்க ஆரம்பித்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி அன்னைக்குக் கரைக்கு என்ன கொண்டுவந்தாரு?"

"என்னத்தக் கொண்டுவர்றது? உசுரத்தான் கொண்டுவந்தான்."

"வலை?"

"அது படகையே கீழ இழுத்திருக்கு. அறுத்து விட்டுட்டான். வச்சிருந்தா…"

தமிழழகனின் கண் மேசைக்குப் போனது.

கெட்டுப்போன கார்டை எடுத்து விரலிடுக்கில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நிமிடமும் நடந்ததையெல்லாம் இந்தக் கார்டில் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு பாழ்.

"ஒண்ணையும் வச்சுக்கக் கூடாது," என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

டீச்சர் ஈயத்தை ஊதினார்.

தமிழழகன் மறுபடி முதலிலிருந்து ஏற்றினார். படிக்கலாம், எழுதக் கூடாது என்று கார்டுக்குக் கட்டளை போட்டார். கம்ப்யூட்டர் எழவே மறுத்தது. அழித்தார், ஏற்றினார். எழுந்தது, ஊமையாக நின்றது. அழித்தார், ஏற்றினார். சோறு ஆறியது. வீட்டில் திட்டினார்கள். விடவில்லை மனிதர்.

ஒருநாள் மேசையில் அது எழுந்து பேசியது. டீச்சர் நாற்காலியை விட்டு வந்தார்.

அவர் கை போவதற்குள் தமிழழகனே பிளக்கைப் பிடுங்கினார். மாட்டினார். பேசியது. பிடுங்கினார். மாட்டினார். பேசியது.

டீச்சர் தன் நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டார். "கொண்டுபோங்கண்ணே. கடையில இடமில்லை."

ஐப்பசி பிறந்தது.

ஏலக்கூடத்தில் சாயங்காலம் ஆளில்லை. தமிழழகன் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். இளமாறன் புது வலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கையில் போன்.

"விடியமுன்ன கெளம்புறோம். சுத்தமா சார்ஜ் இல்லண்ணே," என்றபடி பிளக்கைப் பிடுங்கினான். சின்னக் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு அணைந்தது.

தமிழழகன் எழப் போனார். எழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இளமாறன் வலையை இறக்காமலே நின்று கதை பேசினான். பிறகு போனைக் கழற்றினான். "இந்தா, ஒன் பொட்டி," என்று பழைய பிளக்கைச் செருகினான்.

பச்சை விளக்கு எரிந்தது.

மேலே கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது.

"நாளை வடகிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

இளமாறன் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். கடலைப் பார்த்தான். அது ஒன்றுமே தெரியாததுபோல் கிடந்தது.

"அண்ணே," என்றான். "ஒரு கை புடி. வலைய எறக்கணும்."