பூனைக்கு அப்பா பெயர் என்ன?

கொம்பையூர் ராஜா திருமேனிக்கு ருஷ்யக் கப்பல்காரர் ஒருவர் ஒரு பூனைக்குட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு ருஷ்யப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ராஜா ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் 'போரிஸ்' என்று முடிவாயிற்று. அத்தோடு விட்டாரா?

"அந்த நாட்டில் மரியாதைக்குரியவர்களை அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். இவானின் மகன் என்றால் இவானோவிச். நம் போரிஸையும் அரண்மனையில் எல்லாரும் அப்படி முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்!"

கப்பலோ போயே போய்விட்டது. பூனையின் அப்பனை யார் கண்டது?

பொக்கிஷக்காரர் தாண்டவராயர் துள்ளி எழுந்தார். அரசவை விகடர் அனந்தப்பரின் ஆசனத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"ராஜா! போரிஸ் எனக்குப் பிள்ளை மாதிரி. மாதிரி என்ன, பெற்ற பிள்ளையேதான்! அதன் அப்பா யாரென்று அனந்தப்பர் இப்போதே சொல்லட்டும். தெரியாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்!"

ராஜாவும் தலையாட்டிவிட்டார். அனந்தப்பர் இருபது வருஷமாக உட்கார்ந்த இடம், பாவம். தாண்டவராயர் சொன்னதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"அப்பா இங்கேயே நிற்கிறாரே, ராஜா! பெற்ற பிள்ளை என்று அவரே சபையறியச் சொன்னாரே. ஆகவே, போரிஸ் தாண்டவராயோவிச்!"

சபை கொல்லென்று சிரித்தது. இல்லை என்று மறுத்தால் ராஜாவிடம் பொய் சொன்னதாகிவிடும். தாண்டவராயரும் வேறு வழியில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

மறுநாள் காலை சமையற்கட்டில் ஒரே கூச்சல்.

"ஐயையோ! போரிஸ் தாண்டவராயோவிச் வஞ்சிர மீனைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு, பிடிங்க!"

மத்தியானம் அந்தப்புரத்திலிருந்து வந்தது அடுத்த சத்தம்.

"ராணியம்மா மெத்தையை போரிஸ் தாண்டவராயோவிச் நனைச்சுட்டாரு!"

மூன்றாம் நாள் தாண்டவராயர் தலைப்பாகை அவிழ ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார்.

"ராஜா, வெறும் போரிஸ் போதும்! என் பெயரை எடுத்துடுங்க!"

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு அனந்தப்பர் பக்கம் திரும்பினார். "என்ன ஓய், எடுத்துவிடலாமா?"

அனந்தப்பர் பவ்யமாகக் கைகட்டி நின்றார்.

"பெற்றவரே வேண்டாம் என்கிறார். குறுக்கே பேச நாம் யார், ராஜா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அனந்தப்பருக்குப் போர்த்தினார்.