இடைவேளைக்கு முன்பே செத்துப்போன சடையப்பன்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. கோணலூரில் ஒரு கொள்ளை நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏட்டு எழுதிய தாளை நானே பார்த்திருக்கிறேன். நான்கு பேர் ஒரு சினிமாவைப் பார்த்துக் கொள்ளையடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. சினிமாவைப் பார்த்து அதைவிடப் பெரிய காரியங்களில் இறங்கியவர்கள் நம்மிடையே உண்டு. என்னை உறுத்தியது வேறு. இதை எனக்குச் சொன்னவர் சடையப்பன். அந்தக் கொள்ளையில் செத்துப்போனவரும் சடையப்பன்தான்.

அப்போது அவருக்கு வயது முப்பதுதான் என்பதால் இனி அவன் என்றே சொல்கிறேன். செத்தவரை மரியாதைக் குறைவாகப் பேசும் எண்ணம் இல்லை.

சடையப்பனின் தங்கை செங்கமலத்தின் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். சடையப்பனிடம் மடி இருந்தது. தோடு இல்லை. "மாமன்காரன் வெறும் மடியோட வருவானாக்கும்" என்று செங்கமலத்தின் மாமியார் தெருவில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

சடையப்பன் தன் சிநேகிதர்களிடம் போய்ச் சொன்னான். பொன்னுரங்கம், இருளாண்டி, குப்பமுத்து என்று மூன்று பேர். இவர்களில் பொன்னுரங்கம் தலைவன். கைக்கடிகாரம் கட்டியிருந்தவன் அவன் ஒருவன்தான். கடிகாரம் ஓடாது, ஆனால் அதற்காக யாரும் தலைவனை மாற்றுவதில்லை.

"தோடு எங்கடா இருக்கும்?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

"நகைக்கடையில."

"அங்கேருந்து எடுத்துட்டு வர்றதுக்குப் பேரு என்ன?"

"வாங்கறது," என்றான் குப்பமுத்து.

"காசு குடுக்காம எடுத்துட்டு வந்தா?"

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் இருளாண்டிதான், "கொள்ளைன்னு சொல்லுவாங்க போல," என்றான்.

கொள்ளையில் யாருக்கும் முன்பின் பழக்கம் இல்லை. நல்லவேளையாகப் பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஒரு கொள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கையில் நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பார்த்தார்கள். படத்தின் பெயர் இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. பெயர் போடும்போது நால்வரும் குனிந்து நாற்காலி நம்பர் தேடிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி ஒன்றையும் விடவில்லை. நாலு பேர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நகைக்கடைக்குள் போகிறார்கள். போலீஸ் வந்துவிடுகிறது. ஒருவன் குண்டடிபட்டு, நிறையப் பேசிவிட்டுச் சாகிறான். உடனே இடைவேளை. அதற்கப்புறம் நகைப் பை காணாமல் போகிறது.

கொட்டகை வாசலில் சடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"படத்துல கொள்ளை கெட்டுப்போயிடுச்சேப்பா?"

"ஆமா. நாமளும் கெடுக்கணும்," என்றான் பொன்னுரங்கம்.

"கெடாம நல்லபடியா நடந்துட்டா?"

"அப்ப அது வேற படம். பாக்காத படத்தை எப்படிடா பண்ணுவ?"

இதை நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

யார் யார் எந்த வேலை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சடையப்பன் எடுத்த சீட்டில் 'சாகிறவன்' என்று இருந்தது. அவன் சீட்டைப் பொன்னுரங்கத்திடமே திருப்பி நீட்டினான்.

"டேய், வெள்ளிக்கிழமை காதுகுத்துடா. நான் இல்லாட்டி குழந்தையை யார் மடியில உக்கார வெப்பாங்க?"

"கொள்ளை புதன்கிழமைதானே? நடுவுல வியாழக்கிழமை முழுசா சும்மாதானே கிடக்கு," என்றான் பொன்னுரங்கம்.

சடையப்பன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

போலீஸ் வரவேண்டுமே? செவ்வாய்க்கிழமை நால்வரும் நிலையத்துக்கே போய் ஏட்டு மாசிலாமணியிடம் சொன்னார்கள்.

"ஏட்டையா, நாளைக்குப் பதினோரு மணிக்கு நாகரத்தினம்மா நகைக்கடையில கொள்ளை. நீங்க பதினொண்ணேகாலுக்கு வந்தாப் போதும்."

"கொஞ்சம் முன்னாடி வந்தா?"

"முன்னாடி வந்தா நீங்க எங்களைத் தடுக்க வேண்டியிருக்கும்."

"அது சங்கடம்தான்," என்று ஒப்புக்கொண்டார் ஏட்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, "சினிமாவாப்பா?" என்றார்.

"சினிமாவுல வர்ற மாதிரியேதான் ஏட்டையா."

ஏட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மீசைக்கு மை போட்டுக்கறேன்," என்றார். சாயங்காலத்துக்குள் கோணலூர் முழுக்கப் படப்பிடிப்பு என்று பேச்சாகிவிட்டது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நாகரத்தினம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாத மல்லிகையோடு கடையில் காத்திருந்தாள். வாசலில் கூட்டம். நான்கு பேரும் கைக்குட்டை கட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். குப்பமுத்து கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் முதலில் பக்கத்துச் சைக்கிள் கடைக்குள் பாய்ந்து, அங்கே இரண்டு பேரைக் கையைத் தூக்க வைத்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தான்.

"கையைத் தூக்கு!" என்றான் பொன்னுரங்கம், தீபாவளித் துப்பாக்கியை நீட்டி.

"இவ்வளவு தூக்கினாப் போதுமா? வளையல் தெரியணுமே," என்றாள் அம்மாள்.

"போதும். நகையை எல்லாம் பையில போடு!"

"கையைத் தூக்கிட்டு எப்படிப்பா போடறது?"

இது படத்தில் வராத கேள்வி. நால்வரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மறு கையால் போடலாம் என்று முடிவாயிற்று. அம்மாள் தட்டுத் தட்டாகப் பைக்குள் கவிழ்த்தாள். சடையப்பன் மட்டும் அவள் காதருகே குனிந்து, "அந்தச் சிகப்புக்கல்லுத் தோடு மேலாப்புல இருக்கட்டும்மா," என்றான்.

சரியாகப் பதினொன்றேகாலுக்கு ஏட்டு வந்தார். சுட வேண்டிய நேரம் வந்ததும் கையைப் பிசைந்தார்.

"எனக்குத் துப்பாக்கி குடுக்கலையேப்பா. லத்திதான்."

கொள்ளைக்காரர்கள் தங்கள் துப்பாக்கியை இரவல் கொடுத்தார்கள். அதில் பொட்டு வெடி தீர்ந்திருந்தது. வருகிற வழியில் இருளாண்டி எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டான். ஆகவே ஏட்டு துப்பாக்கியை நீட்டி, வாயாலேயே "டுமீல்" என்றார்.

சடையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சாகிறவன் பேச வேண்டும் என்பது நோட்டில் இருந்தது; என்ன பேசுவது என்பது இல்லை. அதனால் மனசில் இருந்ததையே சொன்னான்.

"செங்கமலத்துக்கிட்ட சொல்லுங்க... அண்ணன் வெறும் மடியோட வரணும்னு நினைக்கல... சிகப்புக்கல்லுத் தோடு... புள்ள காதுல..."

தலை சாய்ந்தது. கூட்டத்தில் விசும்பல் கேட்டது. ஏட்டு, தான் சுட்டது தப்போ என்று இரவல் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டார். பொன்னுரங்கம் ஓடாத கடிகாரத்தைப் பார்த்து, "இடைவேளை!" என்று கத்தினான்.

கொட்டகையில் இடைவேளையின்போது ஒருவரும் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே இங்கேயும் எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள். கொள்ளைக்காரர்கள், ஏட்டு, கூட்டம், நாகரத்தினம்மாள் எல்லோரும்.

சடையப்பன் தலையைத் தூக்கினான். "எனக்கும் ஒரு டீ சொல்லுடா."

"செத்தவன் டீ குடிச்சு எங்கயாவது பாத்திருக்கியா?" என்றான் இருளாண்டி.

"இல்ல."

"அப்ப படு."

படுத்தான். கடையில் வேறு ஒருவரும் இல்லை. கை நீட்டும் தூரத்தில் பை. வாய் திறந்திருந்த பையின் மேலாக அந்தச் சிகப்புக்கல் தோடு. அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டு பின்வாசலால் போய்விடலாம். காதுகுத்து நல்லபடியாக நடக்கும், மாமியார் வாய் அடைபடும். சடையப்பன் இதை நன்றாக யோசித்தான். ஆனால் எடுத்தால் அவன் செத்தவன் ஆகமாட்டான். அவன் சாகாவிட்டால் கொள்ளை கெடாது. கெடாவிட்டால் அது வேறு படம். அவன் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கடையில யாருங்க?"

சடையப்பன் பேசவில்லை.

"அடப் பாவமே," என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பையைப் பார்த்தார். "இது உங்களுதுங்களா? நான் எடுத்துக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க."

செத்தவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? வெளியூர்க்காரர் இரண்டு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என்ன இருந்தாலும் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். பிணத்தின் நெற்றியில் காசு வைக்காமல் போக மனம் வரவில்லை. சட்டைப்பையைத் துழாவினார். சில்லறை எல்லாம் பஸ்ஸுக்குப் போயிருந்தது. பைக்குள் கைவிட்டு, மேலாக அகப்பட்ட சிகப்புக்கல் தோடு இரண்டையும் சடையப்பன் நெற்றியில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இடைவேளை முடிந்து எல்லோரும் வந்தார்கள். பை இல்லை.

"படத்துல வந்த மாதிரியே காணோம்டா!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் விசிலடித்தது. நாகரத்தினம்மாளும் கைதட்டினாள்.

"நல்லா பண்ணினீங்கப்பா. சரி, இப்ப பையைக் குடுங்க."

"காணோம்மா."

"அது படத்துல. நிஜத்துல எங்கே?"

"நிஜத்துலயும் காணோம்மா."

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். அன்றைய நடிப்பிலேயே அதுதான் உசத்தி என்று கூட்டம் ஒருமுகமாகச் சொல்லிற்று.

ஏட்டுக்குக் கடமை நினைவு வந்தது. "உள்ள யார் இருந்தது?"

"சடையப்பன்தான்."

ஏட்டு அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "சடையப்பா, எடுத்தவனைப் பாத்தியா?"

சடையப்பன் ஒரு கண்ணைத் திறந்து பொன்னுரங்கத்தைப் பார்த்தான்.

"அவன் பேசக்கூடாது ஏட்டையா. செத்தவன் இடைவேளைக்கு அப்புறம் வரவே மாட்டான்," என்றான் பொன்னுரங்கம்.

"ஒரே ஒரு வார்த்தைப்பா."

"கடைசி வார்த்தையைத்தான் அப்பவே சொல்லி முடிச்சிட்டானே."

ஏட்டு நியாயஸ்தர். தாளை எடுத்து எழுதினார்: 'சம்பவத்தை நேரில் கண்ட ஒரே சாட்சி, சம்பவத்துக்குச் சற்று முன்பு இறந்துவிட்டார்.'

நாகரத்தினம்மாள் நெற்றியில் இருந்த தோட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள்; உடனே இழுத்துக்கொண்டாள். "பொணத்து நெத்தியில வெச்சதை எடுத்துக் கடையில வெச்சா வியாபாரம் விளங்குமா? அவனே கொண்டு போகட்டும்." அந்தக் கொள்ளையில் ஏதாவது கிடைத்தது என்றால் செத்தவன் ஒருவனுக்குத்தான்.

வியாழக்கிழமை காலை சடையப்பன் தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஓடினான். அவனைக் கண்டதும் செங்கமலம் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டியேண்ணே!"

"வந்துட்டேன் தாயி. தோடு கொண்டாந்திருக்கேன் பாரு."

"கொண்டாந்து என்ன பண்ண? சாவுத் தீட்டாச்சே. நாளைக்கு எப்படிக் காது குத்தறது?"

"ஐயையோ, யாரு செத்தது?"

"நீதாண்ணே."

சடையப்பனுக்கு உலகம் இருண்டுவிட்டது. வேறு யார் மடியிலாவது உட்கார வைக்கலாமா என்றால், "எனக்கு இருந்தது ஒரே அண்ணன், அவனும் நேத்துப் போயிட்டான்," என்று அவன் தோளிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். அவனும் அழுதான். பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்தார்கள்.

"இதுல என்ன இருக்கு?" என்றான் அவன். "பதினாறாம் நாள் காரியம் பண்ணினாத் தீட்டுப் போயிடும். அப்புறம் விசேஷத்துக்கு யார் வேணாலும் வரலாம்."

"செத்தவனுமா?"

"தீட்டே போனப்புறம் செத்தவன் மேல என்ன குத்தம்?"

பதினாறாம் நாள் காரியம் குறைவில்லாமல் நடந்தது. ஓடியாடிப் பந்தி பரிமாறியவன் சடையப்பன்தான். அவன் இருந்திருந்தால் எப்படி வேலை செய்திருப்பான் என்று சொல்லிச் சொல்லி ஊர் மாய்ந்துபோயிற்று. அடுத்த முகூர்த்தத்தில் காதுகுத்து. காலஞ்சென்ற தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். சிகப்புக்கல் தோட்டை மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்தும் சீரோட வந்திருக்கான், இருக்கிறவனுங்களுக்குப் புத்தி வரட்டும்," என்றாளாம். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை மாமன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கும்படி வீறிட்டு அழுதது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் டீயை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். இருபது வருடமாக நம்பாமலே கேட்டுக்கொண்டிருக்கிறேனே, நம்பாதவன் எதற்காகத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்கிறான் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். போன மாதம்தான் துணிச்சல் வந்து, நெடுநாளாக மனசில் வைத்திருந்ததை அவரிடமே கேட்டுவிட்டேன்:

"எல்லாம் சரிண்ணே. அன்னைக்குக் குழந்தை அப்படி அழுதுச்சே, அது காது வலிச்சா, நீங்க செத்துப்போனதை நினைச்சா?"