ரத்தத்தில் ஏறாத மருந்து

ஆஸ்பத்திரியில் சந்தேகம் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். அது மூன்று பேரைப் பிடித்து ஆட்டிய கதை இது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

லாரி ஓட்டுநர் இருதயராஜுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ கொடுத்ததில் வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்துவிட்டன. இந்த நேரம் பார்த்துப் பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் ஆள் பிழைப்பது கடினம். அதைத் தடுக்க ஒரு சிரப் எழுதி, "சாப்பாட்டோட குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர் கோமளவல்லி.

எட்டாம் நாள் ரத்தத்தைச் சோதித்தார்கள். மருந்து இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை.

டாக்டருக்கு நோயாளி மேலேயே சந்தேகம். "குமட்டுதுன்னு துப்பிடுறீங்களா?"

"வெறும் கஞ்சியும் இட்லியும் தின்னு நாக்கு செத்துப்போச்சு டாக்டர். ஒரு ஆம்லெட் கேட்டா எம் பொண்டாட்டி தர மாட்டேங்கிறா. அந்தக் கோவத்துலகூட மருந்தத் துப்புனதில்ல" என்றார் இருதயராஜ். நர்ஸ் ஜெசிந்தா ஒவ்வொரு வேளையும் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தார். துப்பவில்லை.

ஜெசிந்தாவுக்கு நோயாளியின் மனைவி அமலி மேல் கண். சிரப்பைக் கொட்டிவிட்டு ரகசியமாக நாட்டு மருந்து கொடுக்கிறாளோ? ஆனால் பாட்டிலைத் திறப்பதும் அளந்து ஊற்றுவதும் ஜெசிந்தாவேதான்.

அமலியோ மருந்தையே நம்பவில்லை. "தண்ணி கலந்தத நம்ம தலையில கட்டிட்டாங்க சிஸ்டர்" என்றாள். அதே பெட்டியில் வந்த பாட்டில்தான் பக்கத்துக் கட்டில்காரருக்கும். அவர் ரத்தத்தில் மருந்து சரியாகவே இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அமலி அசட்டையான பெண் அல்ல. மருந்து குடிக்கிற உடம்பு என்று, கணவர் சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டவள்.

துப்பவில்லை, கொட்டவில்லை, கலப்படமும் இல்லை. அப்படியானால் மருந்து எங்கே போனது? இதில் தவறு யாருடையது?

விடை: மருந்து வயிற்றுக்குப் போனது, ரத்தத்தில் ஏறவில்லை. அந்தச் சிரப் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் சேரும். அமலியோ பத்தியச் சாப்பாடே கொடுத்தாள். மருந்து என்றாலே எண்ணெயை நிறுத்தும் ஊரில், எந்தச் சாப்பாடு என்று சொல்லாமல் போன டாக்டர் மேல்தான் தவறு என்பேன். அவரும் ஒப்புக்கொண்டார். பூஞ்சை அதுவரை எட்டிப்பார்க்காதது இருதயராஜின் நல்ல நேரம். அன்று மத்தியானம் ஆம்லெட்டை நன்றாக வேகவைத்து, எண்ணெய் மினுங்கக் கொண்டுவந்த அமலி, "எட்டு நாளா நானே உங்களக் கொல்லப் பாத்திருக்கேனே" என்று அழுதாள். இருதயராஜ் மென்றுகொண்டே, "இன்னொண்ணு போட்டிருக்கலாம்" என்றார்.